ஒரே பாயில் கிடந்தவர்கள்

ராஜனுக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததே இல்லை. வந்தது என்று டொக்டரிடம் சொன்னவன் நான். வரவில்லை என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நான்தான்.

நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒருவரிடம்தான் இதைச் சொல்ல முடிகிறது...

ராஜன் என்பது அவனுடைய உண்மைப் பெயர் அல்ல. அவன் போய்விட்டாலும் அவனுடைய இரகசியத்தைக் காப்பதாக நான் கொடுத்த வாக்கு இருக்கிறது. அந்த ஒன்றையாவது காப்பாற்றுகிறேன்.

நாள் தேதிகளையும் இதில் போடப் போவதில்லை. என்னை அறிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். மாத்தளைக்குப் பக்கத்தில் ஒரு தபால் கந்தோரில் எனக்கு வேலை. காலையில் கதவைத் திறந்ததும் முத்திரைக் கட்டையில் தேதியை மாற்றுவேன். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான். வீட்டிலும் அப்படித்தான். முதல் மழை என்றைக்குப் பெய்தது, ஊரடங்கு எத்தனை மணிக்குப் போட்டார்கள், கண்டி ரயில் எவ்வளவு பிந்தியது, யாருக்கு என்ன பிள்ளை பிறந்தது... எல்லாம் கொப்பியில் இருக்கும். ஊரில் எனக்குக் கலண்டர் என்று பெயர்.

அந்தப் பெயர் வெறும் கேலி அல்ல. எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களில் பலருக்குப் பிறப்புப் பதிவு ஒழுங்காகக் கிடையாது. அடையாள அட்டைக்கோ பிரசாவுரிமைக்கோ விண்ணப்பம் நிரப்பும்போது என்னிடம்தான் வருவார்கள். "இவன் பொறந்தது எப்பங்க?" என்று கேட்பார்கள். நான் சொல்வேன். அவர்கள் எழுதிக்கொள்வார்கள். ஒரு மனிதனின் வயது என் வாயில் இருந்தது. அப்படி இருந்தவனுக்கு என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? தான் சொல்வதெல்லாம் நடந்தவை என்று அவனே நம்பத் தொடங்குவான்.

ராஜனும் நானும் ஒரே லயத்தில் பிறந்தவர்கள். அந்த வரிசை வீட்டில் அடுத்தடுத்த காம்பரா. அவன் என்னைவிட ஐந்து வயது இளையவன். அவனுக்கு அந்தோனி என்று ஓர் அண்ணன்; அந்தோனி என் வயதுக்காரன்.

எழுபத்து மூன்றில் அந்த லயத்தில் சின்னம்மை இறங்கியது. அரிசி கிடைக்காத வருடம் அது. எனக்குப் பத்து வயது. நாங்கள் கத்தோலிக்கர்கள், இருந்தும் அம்மாள் வந்த வீட்டுக்கு உரிய எல்லாவற்றையும் என் தாய் செய்தாள். மாதா படத்துக்குப் பின்னால், பாதரின் கண்ணில் படாதபடி, ஒரு கொத்து வேப்பிலை. வீட்டில் தாளிப்பு இல்லை, பொரியல் இல்லை. முன்பு அம்மை கண்டவர்கள் மட்டும் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரலாம். காணாதவர்கள் வெளியிலேயே நிற்க வேண்டும். இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் தனித்தனியாகப் பார்க்க ஆள் இல்லாததால் எங்கள் காம்பராவிலேயே ஒரே பாயில் போட்டார்கள். பாயில் நானும் ராஜனும்.

இதுதான் நான் சொல்லிவந்த கதை. ஐந்து வயது ராஜன் சொறியாமலிருக்க அவன் கைகளில் என் தாய் பழைய துணியைச் சுற்றிக் கட்டியது. அந்தக் கைகளாலேயே அவன் தலையணைக்கடியிலிருந்து கித்துல் கருப்பட்டித் துண்டை எடுத்து, பாதியைக் கடித்துவிட்டு மீதியை என் வாயில் வைத்தது. வெயிலில் சூடேற்றிய மஞ்சள் தண்ணீரை எங்கள் தலையில் வார்த்த அன்று, இரண்டு பேரும் ஒரே துவாய்க்குள் நடுங்கியது...

எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கல்யாண வீடுகளில், கிறிஸ்து பிறந்த நத்தார் இரவுகளில், வஹகோட்டைத் திருவிழாவுக்குப் போகும் பஸ்ஸில். ராஜன் பக்கத்தில் நின்று சிரித்தபடி கேட்பான். கொஞ்சம் சேர்த்தும் சொல்வான்: "அந்தக் கருப்பட்டி ருசி இன்னும் நாக்குல இருக்குண்ணே." அந்தோனி, தன் மாமாவின் குடும்பத்தோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போய், கடிதமும் நின்றுபோய்விட்டது. ராஜனின் தாய் தகப்பன் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். "எனக்குச் சொந்தம்னு யாரு இருக்கா, ஒங்களோட ஒரே பாயில கெடந்தேன், அதுதான்" என்பான் ராஜன்.

ராஜன் மின்சார வேலை தெரிந்தவன். வளைகுடாவுக்குப் போய் ஒன்பது வருடம் இருந்தான். விசாவைப் புதுப்பிக்க இரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாளில் ஆளை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. கொழும்பில் மறுபடி இரத்தம் கொடுத்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. எச்.ஐ.வி.

என்னிடம் மட்டும் சொன்னான். மாத்தளை ஸ்டேசனில், ரயில் வராத ஒரு மத்தியானத்தில்.

"அண்ணே, இத ஒங்க கொப்பில எழுதாதீங்க."

"எழுத மாட்டேன்டா."

"அண்ணிக்கும் தெரியக் கூடாது."

"தெரியாது."

என் மனைவி பிலோமினாவுக்கு இன்றைக்கும் தெரியாது.

கண்டியில் ஒரு கிளினிக்குக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். சிங்கள டொக்டர், இளம் வயதுப் பெண். அவசரப்படாமல் பேசுவார். அவர் சிங்களத்தில் கேட்டதை எங்கள் பேச்சில் சொல்கிறேன்.

"சின்ன வயசுல அம்மை வந்திருக்கா?"

ராஜன் என் பக்கம் திரும்பிச் சிரித்தான். "அத அண்ணன்கிட்டதான் கேக்கணும் டொக்டர். என் வயசே அவர்கிட்டதான் இருக்கு."

"வந்தது," என்றேன். "எழுபத்து மூணுல. ரெண்டு பேருக்கும் ஒண்ணா." மாதத்தையும் சொன்னேன்.

டொக்டர் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இவ்வளவு சரியாச் சொல்ற ஆள நான் கண்டதில்ல." எழுதிக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் நாக்கில் கசப்பு ஊறுகிறது.

அவர் ஏன் கேட்டார் என்பதையும் விளக்கினார். ஒரு தடவை அம்மை கண்ட உடம்பு அந்தக் கிருமியை மறப்பதில்லை. தபால் கந்தோரில் நெடுநாள் கடிதம் பிரிப்பவருக்குக் கையெழுத்தைக் கண்டாலே எந்த வீடு என்று தெரியுமே, அதுபோல என்று நான் புரிந்துகொண்டேன். எச்.ஐ.வி. அப்படிப் பிரிக்கத் தெரிந்த வெள்ளை அணுக்களைத்தான் ஒவ்வொன்றாகத் தின்கிறது. பழைய அம்மைக் கிருமி நரம்புக்குள் தூங்கிக் கிடக்கும். உடம்பு தளர்ந்தால் அக்கியாக எழும்பும். வேதனைதான், ஆனாலும் சமாளிக்கலாம். ஆனால் அம்மையே காணாத உடம்பாக இருந்து, இந்த நிலையில் முதல் தடவையாக அந்தக் கிருமியைச் சந்தித்தால்... எதிர்க்கத் தெரிந்த அணுவும் இல்லை, புதிதாகக் கற்றுக்கொள்ளப் போதிய அணுவும் இல்லை. நெஞ்சுக்குள் இறங்கிவிடும்.

"வராதவங்கன்னா அம்மை வந்த வீட்டுப் பக்கமே போகக் கூடாது," என்றார். "தப்பித்தவறிப் போனா உடனே என்கிட்ட வரணும். ரெண்டு மூணு நாளைக்குள்ள வந்தா ஏதாவது செய்யலாம். இவருக்குத்தான் வந்திருக்கே, அந்தப் பயம் இல்ல."

இந்த வார்த்தைகள் எனக்குப் புரியாதவை அல்ல. நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் அதற்குப் பிறகு தேடிப் படித்தேன். என்னிடம் அறியாமை என்ற சாக்கு இல்லை என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

பிறகு வந்த மாதங்கள்... எப்படிச் சொல்வது? என் வாழ்க்கையின் நல்ல நாட்களில் அவையும் சேர்த்தி. மாதம் ஒரு தடவை காலை ரயிலில் கண்டிக்குப் போவோம். அவன் ஜன்னலோரம். வத்தேகமப் பக்கத்தில் பனி இருக்கும். திரும்பும்போது ஆளுக்கு ஒரு மீன் பனிஸ், பிளாஸ்கில் தேத்தண்ணி. ஒரு நாள் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அவனுடைய பையைக் கவிழ்த்து மருந்துப் போத்தலைத் தூக்கிப் பிடித்தான்.

ராஜன் சிங்களத்தில் சொன்னான்: "சத்துக் குளிசை, தம்பி. வயசு போன பிறகு பொண்ணு பாக்கிறாங்க, ஒடம்பத் தேத்த வேணாமா?"

சிப்பாய் சிரித்துவிட்டு மூடியைத் திருகிக் கொடுத்தான். "பொண்ணுக்கிட்ட வயசச் சொல்லிறாத."

"அது என்கிட்ட இல்ல, இந்த அண்ணன்கிட்ட இருக்கு."

ரயிலேறி வெகுதூரம் வரும்வரை சிரித்தோம். அவன் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அணுக்கள் ஏறுகின்றன, ஆனாலும் இன்னும் மிகக் குறைவு, கவனம் என்று டொக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த நாட்களில்தான் வஹகோட்டையில் இருக்கும் என் சின்னம்மா கூரையைப் பிரித்துக் கட்டினாள். தட்டுமுட்டுச் சாமான்களுக்கிடையில் என் தகப்பனாரின் தகரப் பெட்டி இருப்பதாகச் சொல்லியனுப்பினாள். எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் வீட்டோடு எரிந்துபோனதாக நான் நினைத்திருந்த பெட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போய்த் திறந்தேன். உள்ளே என் முதல் கொப்பி. தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியரான தகப்பனார், பாவித்த கொப்பிகளில் மிஞ்சிய தாள்களைச் சேர்த்து நூலால் தைத்துக் கொடுத்தது. எனக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் இருந்தபடியே படித்தேன்.

பத்து வயதுக் கையெழுத்து. பென்சில்.

"இன்று அந்தோனிக்கும் அம்மா வந்துவிட்டாள். நானும் அந்தோனியும் ஒரே பாயில். ராஜனைப் பல்லேபொலவில் அவன் அத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போகும்போது அழுதான்."

சில பக்கங்கள் தள்ளி: "ராஜன் திரும்பி வந்தான். அவனுக்கு ஒன்றும் வரவில்லை. அந்தோனி அவனுக்குத் தழும்பைக் காட்டினான்."

பஸ் பல்லேபொலவைத் தாண்டியது எனக்குத் தெரியவில்லை.

கருப்பட்டியைக் கடித்துப் பாதியைத் தந்தது அந்தோனி. துவாய்க்குள் நடுங்கியது அந்தோனி. எந்த வருடத்தில் அந்தோனியை எழுப்பிவிட்டு ராஜனை அந்தப் பாயில் படுக்க வைத்தேன்? எனக்குத் தெரியாது. அந்தோனி கடலுக்கு அப்பால் இருந்தான். கதை கேட்க ராஜன் பக்கத்தில் இருந்தான். அவ்வளவுதான் காரணமாக இருக்க வேண்டும். ராஜனுடைய நாக்கில் இருந்த ருசியும் நான் ஊட்டியதுதான்.

பத்து வயதுப் பிள்ளை பிழையாக எழுதியிருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் என் கொப்பியில் உள்ள எதையும் நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. இதை மட்டும் எப்படிச் சந்தேகிப்பது?

அடுத்த கிளினிக்கில் சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். அன்று டொக்டருக்கு நிறையப் பேர். சொல்லவில்லை. அதற்கடுத்த மாதம் ராஜன் உற்சாகமாக இருந்தான். சொல்லவில்லை. மூன்றாவது தடவை, வாயைத் திறந்தேன். டொக்டர், பக்கத்தில் நின்ற புதிய நர்ஸ் மிஸ்ஸியிடம், "இவர் சொன்னா நூத்துக்கு நூறு சரியா இருக்கும்" என்று என்னைக் காட்டினார். வாயை மூடிக்கொண்டேன்.

வெறும் தற்பெருமையா? பெரும்பகுதி அதுதான். மிச்சம் என்னவென்றால், ராஜனுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சொந்தம் அந்தப் பாய். அதை அவன் காலடியிலிருந்து உருவ எனக்கு மனம் வரவில்லை. இப்படிச் சொன்னால் அழகாக இருக்கிறது, இல்லையா? அதனால்தான் இதை நானே நம்புவதில்லை.

பிறகு என் மகள் ஸ்டெல்லாவுக்கு அம்மை வந்தது. எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் பரவிக்கொண்டிருந்தது. பிலோமினா என் தாயைப் போலவே மாதா படத்துக்குப் பின்னால் வேப்பிலை வைத்தாள்.

மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை. ராஜன் வாசலில் நிற்கிறான். ஒரு கையில் இரண்டு செவ்விளநீர், மறு கையில் வேப்பங்கொத்து. எங்களுக்குச் சுகமில்லை என்றால் அவன் அப்படித்தான். யாரும் சொல்லியனுப்ப வேண்டியதில்லை.

பிலோமினா வாசலில் மறித்தாள். வழக்கப்படி கேட்டாள்: "தம்பிக்கு முந்தி வந்து போனதுதானே?"

"என்ன அண்ணி, மறந்திட்டீங்களா? கலண்டர்ல இருக்கே."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒரு வாக்கியம். "ராஜன், நீ வராதே." அது போதும். காரணம்கூடச் சொல்லியிருக்கத் தேவையில்லை. பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். எச்.ஐ.வி. என்ற பேச்சே எடுக்காமல் அவனைத் திருப்பி அனுப்பியிருக்கலாம்... இன்றுவரை அந்த வாசலில் நான் சொல்லியிருக்கக்கூடிய வாக்கியங்களை ஆக்கிக்கொண்டே இருக்கிறேன்.

நான் சொன்னது: "செருப்பக் கழட்டிட்டு வா."

அவன் உள்ளே வந்தான். ஸ்டெல்லாவின் பாயில் உட்கார்ந்தான். இளநீரைச் சீவி அவளுக்குக் கரண்டியால் ஊட்டினான். சொறியாதே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கதை சொன்னான். "நானும் ஒங்கப்பாவும் இப்பிடித்தான் ஒரே பாயில கெடந்தோம். ஒங்கப்பா சொறிஞ்சு சொறிஞ்சு ஒங்க பாட்டிக்கிட்ட அடி வாங்கினாரு." அவள் கொப்புளங்களோடு விழுந்து விழுந்து சிரித்தாள். நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடி வாங்கியது புதிது. அதை அவனே சேர்த்திருந்தான்.

அன்றிலிருந்து நாட்களை எண்ணினேன். டொக்டர் சொன்ன இரண்டு மூன்று நாட்கள். முதல் நாள் ஞாயிறு. கிளினிக் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். திங்கள் கந்தோரில் முத்திரைக் கட்டையில் தேதியை மாற்றினேன். மத்தியானம் போனை எடுத்து, கண்டி எண்ணின் பாதிவரை சுழற்றிவிட்டு வைத்தேன். செவ்வாய் போயிற்று. அதற்குப் பிறகு சொல்லிப் பயனில்லை என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்போதும் சொல்லியிருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். இரண்டாம் கிழமை, பதினாலு நாள், கழிந்தது. அவன் சுகமாக இருந்தான். கொப்பிதான் பிழையாக இருக்கட்டும் என்று என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஆசைப்பட்டேன்.

மூன்றாம் கிழமையில் காய்ச்சல். அடுத்த நாள் முகத்தில், முதுகில், தொண்டைக்குள் எல்லாம்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றே மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது.

கிளினிக் டொக்டர் ஆஸ்பத்திரி வாட்டுக்கே வந்தார். என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"இவருக்கு முந்தி அம்மை வந்ததுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"நிச்சயமா?"

அந்த இடத்திலாவது... இல்லை. "நிச்சயமா," என்றேன்.

அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அப்ப ஒடம்போட அந்த ஞாபகமும் அழிஞ்சு போயிருக்கு. ஒடம்பு தேறுதுன்னு நான்தான் கொஞ்சம் நம்பிட்டேன்." தன்னையே நொந்துகொண்டார். ராஜனுக்கு வேண்டிய மருந்தைக் கொடுத்தார். அதில் என் பொய் எதையும் மாற்றியிருக்காது. ஆனால் செய்யாத பிழை ஒன்றைச் சுமந்துகொண்டு அவர் படியிறங்கிப் போனார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ராஜனுக்கு நினைவு தெளிவாக இருந்தது. மூச்சுக்கு மூச்சு நிறுத்தித்தான் பேசினான்.

"அண்ணே... அம்மா ரெண்டு தரம் வருவாளா?"

"சில பேருக்கு வருவா."

"ஒங்களுக்கு வரலையே."

"ஒன்மேல அவளுக்குப் பிரியம் கூட."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, மிஸ்ஸி ஓடி வந்தாள். அடங்கிய பிறகு சொன்னான்: "கொப்பில எழுதிக்கங்க. ராஜனுக்கு ரெண்டாந் தடவைன்னு."

எழுதினேன். வீட்டுக்குப் போய், அவன் கேட்டபடியே எழுதினேன். என் கொப்பிகளில் தெரிந்தே எழுதிய ஒரே பொய் அது.

ஒரு செவ்வாய்க்கிழமை போய்விட்டான். அம்மா கூட்டிக்கொண்டாள் என்று ஊர் சொன்னது. அவனுடைய இரகசியம் பத்திரமாக இருந்தது. என்னுடையதும்தான்.

பாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் பல தடவை முழங்காலிட்டிருக்கிறேன். கோபப்பட்டேன், பூசைக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். மன்னிப்புக் கிடைத்துவிடுமோ என்ற பயம்.

அவனுடைய வருடப் பூசை முடிந்து எங்கள் வீட்டில் சாப்பாடு. பழைய லயத்து ஆட்கள் சிலர் வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்துவிட்டு யாரும் எழும்பவில்லை.

"அந்தப் பாய்க் கதையச் சொல்லுங்களேன்," என்றாள் பிலோமினா. "தம்பி இருந்தா இந்நேரம் அவரே ஆரம்பிச்சிருப்பாரு."

"சொல்லுங்க கலண்டரு," என்றார் ஒரு கிழவர். "கேட்டு ஒரு வருசமாச்சு."

சொன்னேன். துணி சுற்றிய சின்னக் கைகள், கருப்பட்டி, மஞ்சள் தண்ணீர், துவாய். அடி வாங்கியதையும் சேர்த்துச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்தார்கள். சொல்லச் சொல்ல ஐந்து வயது ராஜன் என் பக்கத்தில் கிடந்தான். அவனுடைய காய்ச்சல் சூடு என் தோளில் பட்டது. சத்தியமாகப் பட்டது.

ஸ்டெல்லாவுக்கு அப்போது ஒன்பது வயது. நான் வாங்கிக் கொடுத்த புதுக் கொப்பியும் பேனையுமாக என் காலடியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து அவளும் எழுதத் தொடங்கியிருந்தாள்.

"என்ன மாசம்பா அது?"

சொன்னேன். அது சரியான மாதம்தான்.

அவள் நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு மெதுவாக எழுதினாள். மேலிருந்து எட்டிப் பார்த்தேன். "அப்பாவும் ராஜன் மாமாவும் ஒரே பாயில்." அடியில் ஒரு கோடு, ஸ்கேல் வைத்து.

கையை நீட்டிப் பேனையை வாங்கி அந்த ஒரு பெயரை அடித்திருக்கலாம்.

"எழுத்து சரியாப்பா?" என்று கேட்டாள்.

"சரி," என்றேன்.